மூன்றாவது ஊசிக்குத் தேதி

நோர்வூட்
20.10.2001

என் அன்புக் கணவருக்கு,

நாகலெட்சுமி எழுதுவது. இங்கே நானும் உங்கள் அம்மாவும் சுகம். உங்கள் சுகத்தை எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை. வெளிநாட்டு வேலைக்காகக் கொழும்பில் எடுத்த சோதனையில் ஈரலைப் பிடிக்கும் கிருமி இரத்தத்தில் இருப்பதாகச் சொன்னார்கள் என்றும், உடம்புக்கு ஒன்றுமில்லை என்றும் ஒரே கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். நாலு தடவை படித்தேன். இன்னும் விளங்கவில்லை.

நீங்கள் சொன்னபடி யாரிடமும் மூச்சு விடாமல் அட்டனுக்குப் போய் டொக்டர் அம்மாவைப் பார்த்தேன். என் இரத்தத்தில் அந்தக் கிருமி இல்லையாம். இனியும் அது தொற்றாமலிருக்க இந்த மாதம் ஆறாம் தேதி முதல் ஊசியும் போட்டாயிற்று.

அதன் பிறகுதான் குழப்பம். ஊசி போட இரண்டு வழி இருக்கிறதாம். வழக்கமான வழியில் அடுத்தது நவம்பரில், கடைசி ஊசி ஏப்ரலில். அவசர வழியில் பாதுகாப்புச் சீக்கிரம் கிடைக்குமாம்; நவம்பர், டிசம்பர் என்று மாதத்துக்கு ஒன்று, பிறகு முதல் ஊசி போட்டு ஒரு வருடம் ஆனதும் இன்னொன்று. இரண்டாவது ஊசி வரை இரண்டுக்கும் வித்தியாசமில்லை. நவம்பர் ஆறாம் தேதி அதைப் போடும்போது எந்த வழி என்று நான் சொல்ல வேண்டும். எது நல்லது என்று கேட்டேன். இரண்டும் நல்லதுதான், உன் புருஷன் எப்போது வருகிறார் என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார். நீங்களோ ஊசியெல்லாம் முடிந்தால்தான் வருவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறீர்கள். நான் என்ன பதில் சொல்வது?

இடையில் வந்தாலும் கவனமாக இருக்க ஒரு வழி சொல்லித் தந்தார். அதைக் கடிதத்தில் எழுத முடியாது. பக்கத்தில் நின்ற தாதி மிஸ்ஸி சிரித்த சிரிப்பில் நான் தலை நிமிரவில்லை. ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே கோப்பையில் தேத்தண்ணீர் குடிக்கலாம், தொற்றாதாம். பிளேடும் பல் பிரஷும் மட்டும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

இனி எழுதுவதைக் கோபப்படாமல் படியுங்கள். ஊசித் தேதி எழுதிய அட்டையை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்திருந்தேன். புத்திசாலி நான்! அரிசி எடுக்கப் போன உங்கள் அம்மா அதைக் கண்டு, அடுத்த காம்பிரா வீட்டு வினோதாவிடம் படிக்கக் கொடுத்துவிட்டார். மாதத் தேதி போட்ட ஊசி அட்டை நம் தோட்டத்து லயத்தில் யார் கையில் இருக்கும்? பிள்ளைத்தாய்ச்சி கையில்தானே. மறுநாளே கங்காணி இராமையா, புள்ள நீ மேட்டு மலைக்குப் போகாத, லயத்துக்கிட்டயே கொழுந்து எடு என்றார். நல்ல மனிதர். நீங்கள் கொழும்புக்குப் போய் எட்டு மாதமாகிறது என்பது அவருக்கு நினைவில்லை.

உங்கள் அம்மாவுக்கு நினைவிருக்கிறது. எம் மகன் போயி எட்டு மாசமாச்சு, ஒனக்கு எதுக்குடி ஊசி என்று கேட்டார். காய்ச்சலுக்கு என்றேன். அன்றிலிருந்து நான் ஊற்றும் தேத்தண்ணீரை அவர் தொடுவதில்லை. கிருமி உள்ள உங்கள் கோப்பையில் நான் குடிக்கலாமாம், ஒன்றுமில்லாத என் கையால் உங்கள் அம்மா குடிக்கமாட்டாராம். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

உண்மை நாக்கு நுனி வரை வருகிறது. யாரிடமும் சொல்லாதே என்று நீங்கள் எழுதியதை நினைத்து விழுங்கிவிடுகிறேன். உங்கள் மானத்தைக் காக்கப் போய் என் மானம் போகிறது. எனக்கு உங்கள் மேல் கோபம்தான். நோய்க்காக இல்லை, என்னைத் தனியாக நிற்க வைத்ததற்காக.

நவம்பர் பதினான்கு தீபாவளி. வாருங்கள். அம்மாவிடம் நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள். பயமாக இருந்தால் தனிப் பாய் விரித்துத் தருகிறேன், படுத்துக்கொள்ளுங்கள்.

மாரியம்மன் உங்களுக்குத் துணையிருக்கட்டும். ஆறாம் தேதிக்குள் ஒரு வரியாவது எழுதுங்கள். எனக்கு அவசரம் என்று டொக்டர் அம்மாவிடம் சொல்லிவிடவா?

பதிலையும் உங்களையும் எதிர்பார்த்திருக்கும்,
நாகலெட்சுமி