பலா மரத்துக் கிதார்

மட்டாஞ்சேரி,
2-11-1965

சௌபாக்கியவதி லோகாம்பாளுக்கு ஆசீர்வாதம். உன் முழங்கால் வலி குறைந்ததா? எழுத வேண்டியவை மூன்று:

1. நான் சௌக்கியம்.
2. மின்சாரக் கிதாருக்கு நான் தேர்ந்த மரம் ஜெயித்தது.
3. கடை வேலையால் நம் கல்பாத்தித் தேருக்கு வர இயலாது.

எங்கள் ரேடியோ கடை முதலாளி பைலி, பாண்டுக்காரன் சேவியருக்கு ஒரு கிதார் செய்து தர ஒப்புக்கொண்டு, மரம் பார்ப்பதை என்னிடம் விட்டார். ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்தில் வாசிக்க அவனிடம் வேறு கிதார் இல்லை. எல்லோரும் தேக்கு என்றார்கள். நான் பலகைகளைக் கயிற்றில் தொங்கவிட்டு, தட்டித் தட்டிக் கேட்டேன். உன் வீணையைப் போலவே பலாதான் நெடுநேரம் ஒலித்தது. ஆனால் வீணைபோல் குடையவில்லை. குடைந்தால் ஸ்பீக்கர் அருகே ஊளையிடும்.

இங்கே எல்லோருக்கும் நான் 'மாஷ்' என்கிற வாத்தியார். சேவியர் சிரித்தான். "மாஷே, சக்க மரத்திலோ கிதார்? பாட்டு வருமோ, பழம் வருமோ?"

எனக்கும் அதே பயம். கல்யாணத்தன்று தூணுக்குப் பின்னால் நின்றேன். சேவியர் முதல் தந்தியை மீட்டினான். நாதம் அறுபடாமல் நின்றது. கூட்டமே எழுந்து ஆடியது. "மாஷ் எவிடே? மேல வாங்கோ!" என்று மேடையிலிருந்து கத்தினான். போனேன், லோகா. எனக்காகக் கை தட்டினார்கள்.

நாரத்தங்காய் ஊறுகாய் அனுப்பு. சாப்பிடும்போது படிக்க நாலு வரி கூடுதலாகவும் எழுது.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. பைலி இப்போதுதான் வந்து சொன்னார்: "மாஷே, இன்னும் ரெண்டு பேருக்குப் பலாக் கிதார் வேணுமாம். நல்ல மரம் உங்க கல்பாத்தி இருக்கிற பாலக்காட்டிலல்லோ? நீங்களே போய்ப் பார்த்து எடுங்கோ."

ஆகவே மூன்றாவதாக எழுதியது தவறு. தேருக்கு வருகிறேன்.

அனந்தநாராயணன்