சுவருக்குள் கிடந்த சப்பாத்து

1995 ஒக்ரோபர் 7, சனி

காலையில் மழை, பிறகு காற்று. குசினிச் சுவர் பிரிக்கிற வேலை. புகைபோக்கிப் பக்கமாகக் குளிர் உள்ளே வருகிறது. மார்க்கம் என்ற இந்த வெளிநாட்டு ஊரில் இந்தப் பழைய பண்ணை வீட்டை வாங்கி ஒரு மாதம். கட்டி நூறு வருசத்துக்கு மேல். "உதுக்குள்ள ஆர் இருப்பினம்?" என்று சொந்தக்காரர் எல்லோரும் கேட்டாயிற்று.

கணவர் பலகையைக் கழற்ற, உள்ளேயிருந்து ஒரு சப்பாத்து விழுந்தது. சின்னப்பிள்ளையுடையது. ஒன்றுதான்.

"எலி இழுத்துக்கொண்டு வந்திருக்கும்."

எலிக்கு ஏன் சப்பாத்து? என் உள்ளங்கைக்குள் அடங்குகிறது. அடியில் இரும்பாணி இல்லை, சின்னச் சின்ன மரக்குச்சிகள். பெருவிரல் பக்கம் தேய்ந்து, மேலே ஒட்டுத்தையல். ஆணோ, பெண்ணோ? மற்றது எங்கே? சமைக்க மனம் வரவில்லை. இரவு பாணும் சம்பலும்.

8, ஞாயிறு

நல்ல வெயில். பால், ஆணி, சுவருக்குப் பூச்சு மா வாங்க வேண்டும்.

சப்பாத்தை அடுத்த பண்ணை டொரத்தியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வயதானவர். தொடமாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அந்தக் காலத்தில் வீடு கட்டும்போது, பிள்ளை போட்டுப் பழசாக்கிய சப்பாத்தைச் சுவருக்குள் வைத்து மூடுவார்களாம். கெட்டது உள்ளே வராதாம். அதை வீட்டை விட்டு வெளியே எடுக்கவே கூடாதாம். நானோ பைக்குள் வைத்துக்கொண்டு அவர் வாசலில் நிற்கிறேன்! ஐந்து மாத வயிற்றோடு வீட்டுக்கு ஓட்டம்.

சொன்னதும் இவர் விழுந்து விழுந்து சிரித்தார். "எங்கட ஆக்கள் கண்ணூறுக்குப் பழஞ்செருப்பை வெளியில தொங்கவிடுறவை. வெள்ளையள் உள்ளுக்க ஒளிச்சு வைச்சிருக்கினம். அவ்வளவுதான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன வருசம் பிள்ளை தங்காமல் போனதும் ஐந்தாம் மாதம்தான். அதைப் பற்றி இவர் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. பயமாக இருக்கிறது.

10, செவ்வாய்

மூட்டம். கால் வீக்கம். இவர் சொல்லிப் பழஞ்சாமான் கடைக்காரர் ஒருவர் வந்தார். சப்பாத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தந்தால் எடுப்பாராம். "யோசிச்சுச் சொல்லுறம்" என்று இவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது போனால் நானும் இந்த வீட்டில் இல்லை என்றேன். சப்பாத்தை வாங்கிக் குசினி மேசையில் வைத்தேன்.

11, புதன்

கிளினிக். பிள்ளையின் இதயத்துடிப்பு நல்லது என்றாள் நர்ஸ். வீட்டுக்கு வந்தால் சுவர் மூடியாயிற்று. பூச்சு இன்னும் ஈரம். மேசையில் சப்பாத்து இல்லை.

"குடுத்திட்டியளோ?"

"இல்லை. உள்ளுக்க வைச்சிட்டன்." என்னைப் பார்க்காமல் கை கழுவினார். "தனிய வைக்க மனம் வரேல்லை. போன வருசம் பிள்ளைக்கெண்டு வாங்கின சோடியில ஒண்டையும் பக்கத்தில வைச்சனான்."

வாங்கியதே எனக்குத் தெரியாது. என்ன நிறம் என்று கேட்டேன்.

"மஞ்சள்."