தைலம் தொட்ட விரல்

லாத்தா,

இன்று காலை உங்கள் மூத்த மகன் சவூதியிலிருந்து வந்தான். பெட்டியைத் திறந்தானோ இல்லையோ, யூகலிப்டஸ் தைல வாசம் நம் தெருவுக்கே தெரிந்துவிட்டது. நீங்கள் கண்மூடி ஒரு வருடம் ஆகியும் எனக்கு அது உங்கள் வாசம்தான்.

பாம்பனில் நம் தெருவுக்கு வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் முதலில் வீடு வீடாகப் போவது தைலச் சீசாதானே. கொதிக்கிற தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டு ஆவி பிடிக்கச் சொல்வீர்கள். அடைத்த மூக்கு திறந்துகொள்ளும். தேங்காய் எண்ணெயில் கலந்து தேய்த்தால் வலை இழுத்த தோள் வலி விட்டுப்போகும். கல்யாணமாகி உங்கள் பக்கத்து வீட்டுக்கு வந்த புதிதில் கடல் காற்று ஒத்துக்கொள்ளாமல் நான் தும்மிக்கொண்டே திரிந்தேன். "ஏடி கமுதிக்காரி, நீ தும்முற தும்மல்ல காயப்போட்ட கருவாடெல்லாம் பறக்குது" என்று சிரித்தபடி ஒரு சீசாவை நீட்டினீர்கள். அன்று முதல் தொட்டதற்கெல்லாம் எனக்கு அந்தத் தைலம்தான்.

ஒரு மழைக்கால மத்தியானம். என் மகளுக்கு ஐந்து மாதம். சளி கட்டி மூச்சு இழுத்தது. அவள் அப்பா கடலில் இருந்தார். விரலில் தைலத்தைத் தொட்டு அவள் மூக்கடியில் வைக்கப் போனேன். உள்ளே வந்த நீங்கள் என் கையைத் தட்டிவிட்டீர்கள். சீசா உருண்டு போனது. எனக்கு வந்ததே கோபம்!

"கையக் கழுவு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

ஆட்டோ பாலத்தில் ஏறியபோதுதான் சொன்னீர்கள். "என் மூத்தவனுக்கு நான் தடவுனேன்டி. பச்சப்புள்ள மூச்சு முட்டி ஒதடெல்லாம் நீலமாயிருச்சு. அல்லாஹ்தான் திருப்பிக் குடுத்தான். வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு."

டாக்டரம்மா முதலில் கேட்டதே, "மூக்குல ஏதும் தடவுனீங்களா?" என்றுதான். இல்லை என்று சொன்னேன். உங்கள் புண்ணியத்தில் சொன்ன 'இல்லை' அது. மகள் இப்போது காலேஜுக்குப் போகிறாள்.

அதன் பிறகு கைக்குழந்தை இருக்கிற வாசலிலெல்லாம் சீசாவோடு அந்தக் கதையையும் கொடுத்தீர்கள். தைலத்தைப் புகழ யாராலும் முடியும். அது எங்கே ஆகாது என்பதைத் தன் தப்பையே காட்டிச் சொல்ல உங்களுக்குத்தான் தைரியம் இருந்தது. அதற்காகவே உங்களை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

இன்று சீசா கொடுக்கப் போன உங்கள் மகனோடு நானும் போனேன். கடைசி வீட்டில் ஒரு சின்னப்பெண், மடியில் மூக்கடைத்து அழும் குழந்தை. சீசாவை வாங்கியதும் மூடியைத் திருகினாள். தன்னைப் பெற்றவளின் தப்பைச் சொல்ல வாய் வராமல் உங்கள் மகன் காலிப் பையை மடித்துக்கொண்டிருந்தான்.

நான் முந்திக்கொண்டேன். உங்கள் கதையைச் சொல்லவில்லை, லாத்தா. என் விரலை நீட்டி, "ஏத்தா, புள்ளைக்கு வேணாம். இந்த வெரலாலதான் எம்மகளப் பறிகொடுக்கப் பாத்தேன்" என்றேன்.

அவள் மூடியை இறுக்கிப் பரணில் வைத்தாள்.