சுப்புத்தாய் வீட்டுத் தண்ணீர்

ஜூன் 10, 2024 - திங்கள்

உத்தமபாளையத்தில் விடியக்காலை பஸ் ஏறி, தேனியில் மாறி, கடமலைக்குண்டில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் இடுப்பு ஒடிய வந்து சேர்ந்தேன். ஊர் பெயரை எழுதப் போவதில்லை. இந்த நோட்டு யார் கையில் சிக்குமோ.

"ஊர் ஊராப் போயி பஞ்சாயத்து செஞ்ச வேலையை நோண்டுற உத்தியோகம்" என்பார் என் வீட்டுக்காரர் ஹக்கீம். சமூகத் தணிக்கை என்று சொன்னால் அவருக்குச் சிரிப்பு. வெளியூர்க்காரர்கள் நாங்கள் வந்து தங்கிப் பார்த்து, கண்டதைக் கடைசி நாள் கிராம சபையில் வாசிக்க வேண்டும். ஊர் கை தூக்கினால்தான் எங்கள் அறிக்கை நிற்கும். அதனால் எங்களுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. தணிக்கை முடியும் வரை அந்த ஊரில் யார் வீட்டிலும் சோறு, டீ, ஒரு வாய் தண்ணீர்கூடத் தொடக் கூடாது. எந்த வீட்டில் குடிக்கிறோமோ அந்தக் கட்சி ஆகிவிடுவோம்.

கூட வந்திருப்பவர் மொக்கைச்சாமி அண்ணன், போடிக்காரர். வாய் ஓயாத மனுசன். பழைய பள்ளிக்கூட அறையில் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டார்.

பஞ்சாயத்துத் தலைவர் அனுசுயா. கையெழுத்து அவளுடையது, அதிகாரமெல்லாம் புருசன் பாண்டீஸ்வரனுடையது. அவனே எங்களுக்கு இளநீர் சீவினான். அண்ணன் கும்பிட்டு வேண்டாம் என்றார்.

"எங்க ஊரு இளநி தொண்டைக்குள்ள எறங்காதோ?" என்று கேட்டு அரிவாளைக் காயில் ஓங்கிக் கொத்தி அப்படியே விட்டுவிட்டுப் போனான். நல்ல வரவேற்பு.

ஜூன் 11 - செவ்வாய்

குடிநீர்த் தொட்டியைப் பார்த்தோம். மேல்நிலைத் தொட்டி, ஊருக்கே அதுதான். தூண்களைப் புதுப்பித்ததாகப் போன வருசம் பலகை வைத்திருக்கிறார்கள். சுத்தியலால் ஒரு தூணைத் தட்டினேன், சத்தம் பொத்தென்று கேட்டது. இன்னொரு தட்டு. பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. உள்ளே கம்பி துருவேறி உதிர்ந்து கிடக்கிறது. கம்பியைத் தொடாமல் மேலே சிமெண்டைப் பூசி வெள்ளையடித்திருக்கிறார்கள், பாவிகள்.

அந்தத் தொட்டிக்கு நேர் கீழேதான் அங்கன்வாடி. பிள்ளைகள் சத்தம் போட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றி வால்வு திறந்துவிடும் சுருளியாண்டி ஓடி வந்து சுத்தியலைப் பிடுங்கினான். "நல்லா இருக்கிற தூண ஒடைக்கிறீகளா?" அண்ணன் குறுக்கே போனார். அதற்குள் பாண்டீஸ்வரன் வந்தான். அண்ணன் கன்னத்தில் ஓர் அறை. கண்ணாடி தெறித்து மண்ணில் விழுந்தது.

அண்ணன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "தூணையும் இம்புட்டு அழுத்தமாக் கட்டியிருக்கலாம் தம்பி" என்றார். சிரிப்பதா அழுவதா?

ஜூன் 12 - புதன்

வீடு வீடாக விசாரிப்பு. மேற்குத் தெருவில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பாட்டிலில் சொட்டு இல்லை. வாசலில் நின்ற ஒரு பொம்பளை தாங்கிப் பிடித்துச் சொம்பை நீட்டினாள். குடித்துவிட்டேன்.

குடித்த பிறகுதான் பெயர் கேட்டேன். சுப்புத்தாய். போன தேர்தலில் அனுசுயாவை எதிர்த்து நின்று தோற்றவள்.

யா அல்லாஹ். ஊரில் இத்தனை வாசல் இருக்க நான் போய் அங்கேயா விழ வேண்டும்?

ஜூன் 13 - வியாழன்

தொட்டியைப் பற்றி ஒன்றிய இன்ஜினியருக்கு நேற்றே போன் போட்டேன். அவர் வந்து பார்த்து, தணிக்கை முடியும் வரை தண்ணீர் ஏற்றக் கூடாது, லாரியில் கொடுங்கள் என்று சொல்லிப் போனார். நிம்மதி என்று நினைத்தேன். மடச்சி.

ஒரே லாரி. பொம்பளைகள் குடமும் கையுமாக ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். முடியைப் பிடித்து இழுத்து, குடத்தால் அடித்து... ஒருத்திக்கு மண்டை பிளந்து ரத்தம் முகமெல்லாம் வழிந்தது. விலக்கப் போன என் மேல் எல்லாரும் திரும்பினார்கள்.

"நீ மட்டும் சுப்புத்தாயி வீட்டுல வயிறு முட்டக் குடிச்சுக்கிட்ட. எங்களுக்கு நிப்பாட்டிட்ட, என்னடி?"

யாரோ என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். முதுகில் குடம் விழுந்தது. முந்தாநாள் என்னை 'அக்கா' என்று கூப்பிட்ட பொம்பளைகள்தான்.

முதுகு வலியைவிட அந்தப் பேச்சு வலிக்கிறது. அதில் பாதி உண்மை.

ஜூன் 15 - சனி

மொக்கைச்சாமி அண்ணனை அடித்துப் போட்டுவிட்டார்கள்.

அரிசி வாங்கப் போனவர். பட்டப்பகல். பைக்கில் இரண்டு பேர், ஹெல்மெட் போட்டு வந்து, இரும்புக் கம்பியால் அடித்திருக்கிறார்கள். வலது கை முழங்கைக்குக் கீழே தொங்கியது. எலும்பு வெளியே தெரிந்தது. நான் பார்த்தேன். ஆம்புலன்ஸில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு க.விலக்கு ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தேன்.

"கம்பியில கஞ்சத்தனம் பண்ணுறவங்கன்னுல்ல நெனச்சேன்" என்றார். அப்பவும் வாய்! நான்தான் ஓவென்று அழுதேன். என்ன செஞ்சாரு அந்த மனுசன்? தூணத் தட்டுனது நான். தண்ணி குடிச்சதும் நான்.

போலீசில் புகார் கொடுத்தாயிற்று.

ஜூன் 17 - திங்கள், பக்ரீத்

வீட்டில். ஹக்கீம் கறியைப் பங்கு போட்டுக்கொண்டே, தலை நிமிராமல், "வேலையை விட்டுரு" என்றார்.

"விட்டா அந்தப் பிள்ளைக?"

"நம்ம பிள்ளை யாரு?" கத்தியைப் பலகையில் வீசினார். கதவோரம் நின்ற மகள் ருக்சானா வீறிட்டாள்.

நானும் கத்தினேன். பெருநாள் அன்றைக்கு எங்கள் வீட்டில் இப்படி ஒரு சண்டை நடந்ததில்லை.

நாளைக்குப் போகிறேன்.

ஜூன் 21 - வெள்ளி

கிராம சபை. ஊர்ப் பொதுத்திடலான மந்தையில் பந்தல். ஒரு பக்கம் கான்ஸ்டபிள். அனுசுயா நடுவில் குனிந்தே உட்கார்ந்திருந்தாள். பின்னால் பாண்டீஸ்வரன் நின்றான்.

எழுந்து வாசித்தேன். தூண்கள், துரு, கீழே அங்கன்வாடி. "நிரப்பினால் விழும். விழுந்தால் பிள்ளைகள் மேல் விழும்" என்ற வரி வரை வந்துவிட்டேன். நாலைந்து தாய்மார்கள் முகம் மாறியதைக் கண்ணால் பார்த்தேன். அப்போதுதான் பாண்டீஸ்வரன் கேட்டான்.

"மேடம், ஒரே ஒரு கேள்வி. சுப்புத்தாயி வீட்டுல தண்ணி குடிச்சீகளா இல்லையா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "குடிச்சேன்."

அவ்வளவுதான். "விலை போனவ!" என்று ஒரே கூச்சல். சுப்புத்தாயின் ஆட்கள் எழுந்தார்கள், பாண்டீஸ்வரன் ஆட்கள் பாய்ந்தார்கள். பந்தல் கால் பிடுங்கி அடித்தார்கள். சுருளியாண்டி நீல நாற்காலி ஒன்றைத் தூக்கி எறிந்தது தெரிந்தது, விலக நேரமில்லை. நெற்றி பிளந்தது. வாசித்த தாளெல்லாம் என் ரத்தம்.

அடிதடி ஓய்ந்ததும் கை தூக்கச் சொன்னார்கள். தொட்டி நன்றாக இருக்கிறது, அறிக்கையை ஏற்கவில்லை என்று தீர்மானம். கண்ணில் ரத்தம் வழிய நான் பார்த்தவரை, பந்தல் முழுக்கக் கைதான்.

ஜூன் 22 - சனி

தையல் போட்டிருக்கிறது. இன்ஜினியரிடம் கெஞ்சினேன். "ஊரே தீர்மானம் போட்ட பெறகு நான் என்னம்மா செய்ய?" என்கிறார். தொட்டியை நிரப்பிவிட்டார்களாம்.

ஜூன் 24 - திங்கள்

அனுசுயா போன் பண்ணினாள். அடையாளம் தெரியவே கொஞ்ச நேரம் ஆனது, அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

"அக்கா, நெசமாவே விழுந்திருமா?"

எனக்கு வந்த ஆத்திரம்! "வாசிக்கயில குத்துக்கல்லாட்டம் உக்காந்திருந்தியே, இப்ப என்ன கேள்வி?"

"என்னையப் பேச விடுவாகளா? அடிச்சே கொன்னுருவாக." பிறகு மெல்லச் சொன்னாள். "தூணுல கீறல் விட்டிருக்கு. நேத்து இல்ல."

"நீதான தலைவரு. அங்கன்வாடியப் பூட்டு. சாவிய யாருக்கும் குடுக்காத."

போனை வைத்துவிட்டாள். வீட்டிலிருந்துகொண்டு அவளை ஏவிவிட்டேன். அடி வாங்கப் போவது அவள்.

ஜூன் 26 - புதன்

பூட்டிவிட்டாள். பிள்ளைகளைக் கோயில் மண்டபத்துக்குக் கொண்டு போய்விட்டாள். அந்தச் சாவிக்காக பாண்டீஸ்வரன் நடுத்தெருவில் வைத்து அவளை மிதித்திருக்கிறான். முன்பல் இரண்டு போய்விட்டது. சாவியைக் கொடுக்கவில்லையாம்.

அங்கன்வாடி டீச்சர்தான் போனில் சொன்னார். சொல்லும்போதே அவருக்கு அழுகை.

ஜூன் 28 - வெள்ளி

விழுந்துவிட்டது.

காலையிலிருந்து பேய்க்காற்று. பத்து மணி வாக்கில், நிறைந்த தொட்டி அப்படியே சாய்ந்து அங்கன்வாடிக் கூரை மேல் விழுந்திருக்கிறது. சுவர்கூட மிஞ்சவில்லை. உள்ளே ஒரு பிள்ளை இல்லை. அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ்... ருக்சானாவைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வால்வு திறக்கப் போன சுருளியாண்டி தூணுக்கு அடியில் சிக்கிக்கொண்டான். இடுப்புக்குக் கீழே நசுங்கிக் கத்திக்கொண்டே கிடந்தானாம். ஊரே கடப்பாரை போட்டு நெம்பி எடுத்திருக்கிறது.

ஜூன் 30 - ஞாயிறு

சுருளியாண்டிக்கு இடது காலைத் தொடையோடு எடுத்துவிட்டார்கள். பாண்டீஸ்வரனை போலீஸ் தேடுகிறது. நாற்காலி எறிந்து என் நெற்றியைப் பிளந்தவனுக்குத்தானே கால் போனது, நல்லா வேணும் என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றியது உண்மை, எழுதி வைக்கிறேன். அப்புறம் நாள் முழுக்கச் சாப்பிட முடியவில்லை.

ஆகஸ்ட் 15 - வியாழன்

சுதந்திர தினக் கிராம சபை. அதே அறிக்கையைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள். மொக்கைச்சாமி அண்ணனும் கையில் கட்டோடு வந்தார். ஹக்கீமே பஸ் ஏற்றிவிட்டார்.

மந்தையில் எல்லாரும் தரையில். நீல நாற்காலியில் சுருளியாண்டி, பக்கத்தில் ஊன்றுகோல். அனுசுயாவுக்குப் பின்னால் இந்த முறை யாரும் நிற்கவில்லை. அவளே எழுந்து, "வாசிங்கக்கா" என்றாள். பல் போன இடத்தில் காற்றுப் போனது.

தொண்டை வறண்டு எனக்குச் சத்தமே வரவில்லை. அவள் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து நீட்டினாள். ஊர் மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. சுப்புத்தாயும்.

"வேணாம் ஆத்தா. வேலை முடியட்டும்." பையிலிருந்து உத்தமபாளையத்துத் தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.

சுருளியாண்டி கால் இல்லாத இடத்தில் வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு, கோபமே இல்லாமல் சொன்னான்.

"அன்னைக்கும் இப்பிடிப் பாட்டிலக் கொண்டாந்திருக்கலாம்லக்கா."

தாளை விரித்தேன். முதல் பக்கத்தில் என் ரத்தக் கறை காய்ந்திருந்தது. முதலில் இருந்து வாசித்தேன்.