நீலப் பட்டையை மட்டும் பார்

பாய்,

மதகடிக் கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்த உங்கள் பெட்டியை நேற்றுக் கழற்றிவிட்டார்கள். போன மாதமே பக்கத்தில் புதுப் பெட்டி வந்துவிட்டது. உங்களுடையதற்கு மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் சும்மா விட்டிருந்தார்கள். விவசாயச் சங்கத்து ஆள் ஒருவன் அதைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். "பெரியவரே, ஒங்க சேக்காளி பண்ணுனதுதானே, நீங்களே வச்சுக்குங்க. எடைக்குப் போட்டாக்கூட ஒண்ணும் தேறாது" என்றான்.

மூடியைத் திறந்தேன். உள்ளே பல்லி முட்டையும் குளவி கட்டிய மண்கூடும் இருந்தன. அவற்றைத் தள்ளிவிட்டு முகர்ந்தால் இன்னும் அந்தக் குங்கிலிய வாசம் போகவில்லை. ஈயம் பற்றவைக்கும்போது உங்கள் அறை முழுக்க நிற்குமே, அதே வாசம். அது மூக்கில் ஏறியதும் நான் அழுவேன் என்று என் மருமகள் எதிர்பார்த்தாள். எனக்குக் கோபம்தான் வந்தது. அதைத்தான் இப்போது சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். நடையைத் திருத்திக்கொள், ஆனால் யார் என்ன பேசினார்களோ அதில் மட்டும் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

உங்கள் நிலம், என் குத்தகை. முத்துப்பேட்டைக்கு இந்தப் பக்கம், ஆறு கடலோடு சேரப்போகிற கடைமடை. மேலே இருந்து வரும் தண்ணீர் குறைந்தால் கடல் ஓதம் வடிகால் வழியாக ஏறி வந்துவிடும். சம்பா பால் பிடிக்கிற நேரத்தில் உப்புத்தண்ணீர் புகுந்தால் பயிர் நின்றபடியே கருகும். அதற்குள் மதகுப் பலகையை இறக்கிவிட வேண்டும். நான் தண்ணீரைக் கையில் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துச் சொல்கிறவன். வெளிநாட்டுத் துறைமுகத்தில் மின் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய நீங்கள், "ஒன் நாக்கு தூங்குறப்போ என்னய்யா பண்றது?" என்று கேட்டு இந்தப் பெட்டியைச் செய்தீர்கள். தண்ணீருக்குள் ஒரு கம்பி உப்பைப் பார்க்கும், உப்பு ஏறினால் பெட்டி சங்கு ஊதும். "ஒனக்காகத்தான்யா சங்கு வச்சேன். மெசேஜ் வந்தா நீ அதை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவ?" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

இடி விழுந்து அந்தப் பெட்டியின் உயிர் போனபோது உங்கள் கண்ணில் பாதிக்கு மேல் சர்க்கரை தின்றிருந்தது. வெளிச்சம் தெரியும், ஆள் நிழல் தெரியும், எழுத்து தெரியாது. உள்ளே மூளையாக இருந்த பழைய சில்லு கடையில் கிடைப்பதில்லை என்றார்கள். வேறு ரகச் சில்லு வைத்த மின்பலகை ஒன்றைச் சென்னையிலிருந்து தருவித்தீர்கள். அதற்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தீர்கள்.

"எல்லாத்துக்கும் அடியில ஒண்ணு ஓடும்யா. அதுக்குப் பேரு கர்னல்."

"பட்டாளத்துக்காரரா பாய்?"

"ஒன் தலை. கொட்டைக்குள்ள பருப்பு இருக்குல்ல, அது. ஊரு உலகத்துல இருக்கிற எல்லாச் சாமானுக்கும் அதுல வழி வச்சிருப்பான். டிவி, பாட்டுப்பெட்டி, பிரிண்டர். நமக்கு உப்பும் சங்கும் போதும். மத்ததையெல்லாம் களையெடுக்கணும். ஒவ்வொண்ணா அது நம்மகிட்ட கேட்கும், வேணுமா வேணாமான்னு."

உங்கள் கம்ப்யூட்டர் எழுத்தை வாசித்துச் சொல்லும்தான். ஆனால் கட்டம் கட்டமாக வருகிற அந்தப் பக்கத்தில் அது திக்கித் திணறியது. உங்கள் மகன் வெளிநாட்டிலிருந்து போனில் பேசினான். "வாப்பா, ரெடிமேடா ஒண்ணு வாங்கி அனுப்புறேன், ஏன் ஒடம்பப் போட்டு அலட்டிக்கிறீங்க" என்றான். நீங்கள் போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினீர்கள். "ஒனக்குக் கண்ணு நல்லாருக்குல்ல?"

"கண்ணு இருக்கு பாய். எழுத்துதான் தெரியாது."

"எழுத்து எனக்குத் தெரியும். கண்ணு ஒன்னுது. போதாதா?"

இப்படித்தான் ஆரம்பித்தது. திரையில் வரிசையாக இங்கிலீஷ் வரிகள். ஒரு வரிமேல் மட்டும் நீலப் பட்டை. நீங்கள் விசையைத் தட்டத் தட்ட பட்டை கீழே இறங்கும். "நீலப் பட்டையை மட்டும் பாரு. அதுல என்ன உருவம் இருக்கோ அதைச் சொல்லு. மேல பார்க்காத, கீழ பார்க்காத." நான் சொல்வேன், குடிசை, பாம்பு, அரிவாள், லாடம், கவட்டை, தூண்டில் முள். வாய்க்கு வந்த பெயர். நீங்கள் ஒரு கணம் யோசித்து "அடுத்து" என்பீர்கள். வரியின் முன்னால் ஒரு சின்னக் கூடு இருக்கும். கூட்டுக்குள் நெருஞ்சிப் பூ மாதிரிக் குறி இருந்தால் அந்த வரி கர்னலுக்குள்ளேயே வைத்துக் கட்டப்படும். இரட்டைக் குடிசை இருந்தால் தனியே கிடக்கும், தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளும். வெறுங்கூடு என்றால் வேண்டாம்.

உப்புக் கம்பி பெட்டியோடு பேசுகிற வழிக்கு ஒரு பெயர் உண்டு. கம்பு, ரெண்டு, அரிவாள். எண் எனக்கு ரூபாய் நோட்டில் பழக்கம். "கம்பு ரெண்டு அரிவாள் வந்துடுச்சு பாய்" என்று நான் கத்தியதும் நீங்கள் தொடையில் தட்டிக்கொண்டீர்கள். "பூவை வைய்யா அதுக்கு!" அப்புறம் காவல்நாய் என்று ஒன்று. பெட்டி மயங்கி விழுந்தால் தானே தன்னை எழுப்பிக்கொள்ள வைக்கிற ஏற்பாடு. "அது இல்லேன்னா தூங்குனது தூங்குனதுதான். ஒன்னையாவது எழுப்ப பொண்டாட்டி இருக்கா" என்றீர்கள். அந்த மாதிரி நேரத்தில் உங்களைப் போல ஒரு மனிதர் ஊரில் இல்லை. அதையும் எழுது என்றுதான் மருமகளிடம் சொன்னேன்.

புதுச் சில்லு ரகத்தின் பெயர் குடிசை, கால் நீட்டிய கொடி, இரட்டைக் குடிசை. "மேசை மேல இருக்கிற இந்த மெஷின் ஒரு ரகம், பெட்டிக்குள்ள போறது வேற ரகம். குறுவைக்குப் பண்ற பக்குவம் சம்பாவுக்கு ஆகுமா? எந்தச் சில்லுக்குன்னு ஒவ்வொரு தடவையும் பேரைச் சொல்லணும். சொல்லலேன்னா இது தனக்குன்னு சமைச்சு வச்சிடும்." இதைச் சொன்னது நீங்கள். வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது எனக்கு.

பல நாள் வேலை. முடித்து, மின்பலகையில் ஏற்றி, மின்சாரம் கொடுத்தீர்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. சிமிட்ட வேண்டிய பச்சை விளக்கு சிமிட்டவில்லை. "எரியுதா? எரியுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். இல்லை பாய் என்றேன். மறுபடி கேட்டீர்கள். இல்லை என்றேன். வயலில் பயிர் கதிர் தள்ளிக்கொண்டிருந்தது. ஆற்றில் தண்ணீர் நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வந்தது.

அப்போது உங்கள் மனைவி, எனக்குத் தங்கச்சி முறை, டீ கொண்டுவந்தது. அதன் முன்னால் வைத்துத்தான் சொன்னீர்கள்.

"எங்கயோ பார்க்காம சொல்லிட்டான். கண்ணில்லாதவன், எழுத்தில்லாதவனை நம்புனேன் பாரு, என் புத்தியைச் சொல்லணும்."

"என்னங்க இது, வயசான மனுசனைப் போயி" என்றது தங்கச்சி.

"வயசானவனா? வயசாயி என்ன, மாட்டுக்கும்தான் வயசாவுது."

டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். நீங்கள் கூப்பிடவில்லை.

எனக்குத் தெரியும், நான் ஒரு பூவைக்கூட மாற்றிச் சொல்லவில்லை. திரையில் வந்த வரிசை இப்போதும் என் கண்ணுக்குள் இருக்கிறது, நடவு வயலில் யார் யார் எந்த இடத்தில் நின்று நட்டார்கள் என்பது இருக்கிறதே, அது போல. சில நாள் கழித்து ஆள் அனுப்பினீர்கள். "வரச் சொல்லு, வேலை கெடக்கு." வந்தேன். பயிர் உங்களுடையது மட்டும் இல்லையே. வாசலிலேயே தங்கச்சி குரலைத் தாழ்த்திச் சொன்னது. "தப்பு அவரோடதுதானாம் அண்ணே. பட்டியலெல்லாம் சரியாத்தான் இருந்துச்சாம். கடைசியில செய்யின்னு சொல்றப்போ சில்லு பேரைச் சொல்ல மறந்துட்டாராம். அது ஏதேதோ கேட்டுச்சாம், இவரு பாட்டுக்குத் தட்டிக்கிட்டே போயிட்டாராம். மேசை மேல இருக்கிறதுக்கே பண்ணி வச்சிடுச்சாம். ஒங்ககிட்ட சொல்லாதன்னாரு."

உள்ளே வந்தேன். நீங்கள் சொல்லவில்லை. "உட்காருய்யா, நீலப் பட்டையைப் பாரு" என்றீர்கள். நானும் எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளவில்லை. மறுபடி முதலிலிருந்து. குடிசை. அடுத்து. பாம்பு. அடுத்து.

அன்றைக்குத்தான் கேட்டேன். இதற்கு முன் யாரிடமும் கேட்டதில்லை, பாய். எங்கள் அப்பா என்னைப் பள்ளிக்கூடத்துப் பக்கம் விடவில்லை, அதற்கப்புறம் கேட்க எனக்கு வெட்கம்.

"இம்புட்டு நாளா இதையே பார்த்துக்கிட்டிருக்கேன். குடிசைங்கிறேனே, அதுக்கு என்ன சத்தம் பாய்? சொல்லிக்குடுங்களேன்."

"எதுக்குய்யா இந்த வயசுல?"

"உரமூட்டையில என்ன போட்டிருக்குன்னு பார்க்கலாம்ல. மாத்திரை அட்டையில பார்க்கலாம்."

"கடைக்காரன் சொல்லுவான்." கொஞ்ச நேரம் விசையைத் தடவிக்கொண்டு இருந்தீர்கள். பிறகு சொன்னீர்கள். "வேணாம்யா. ஒனக்கு எழுத்து வந்துட்டா நீ கெட்டுப்போயிடுவ. படிக்கத் தெரிஞ்சவன் பாதியைப் பார்த்துட்டு மீதியைத் தானா நெனைச்சுக்குவான். என் மவனைப் படிக்கச் சொன்னா அப்படித்தான் படிக்கிறான். நீ இருக்கிறதை இருக்கிறபடி சொல்ற. பார்த்ததை மட்டும் சொல்லு, படிக்காத. எனக்கு அது போதும்."

எனக்கு அது போதும் என்றீர்கள். உங்களுக்குப் போதும். எனக்குப் போதுமா என்று கேட்க உங்களுக்குத் தோன்றவே இல்லை.

இந்த முறை பச்சை விளக்கு சிமிட்டியது. நான் சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் என் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டீர்கள். பெட்டியைக் கம்பத்தில் மாட்டினோம். தை பிறந்து ஓதம் ஏறிய ஒரு மத்தியானம் ரைஸ்மில் சங்கு மாதிரி அது ஊதியது. நான் ஓடிப்போய்ப் பலகையை இறக்கினேன். கடைமடைப் பயிர் முழுதும் பிழைத்தது. சங்கத்தில் கூட்டம் போட்டு உங்களுக்குச் சால்வை போர்த்தினார்கள். நான் பின்னால் தூண் ஓரம் நின்றிருந்தேன். ஒருவர் எழுந்து கேட்டார், "பாய், ஒங்களுக்குத்தான் பார்வை இல்லையே, அந்த எழுத்தையெல்லாம் யாரு படிச்சுச் சொன்னா?"

"கம்ப்யூட்டரே படிச்சுச் சொல்லும்ங்க" என்றீர்கள்.

நான் அங்கேதான் நிற்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள்தானே என் தோளைப் பிடித்துக்கொண்டு மேடை வரை வந்தீர்கள்.

அதற்கப்புறமும் உங்கள் வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தேன். பெட்டிக்கு ஏதாவது என்றால் ஆள் வரும், நானும் போவேன். ஒரு நாள் ஆள் வந்து, இனி வேலை இல்லை, பாயே இல்லை என்றான்.

இப்போது புதுப் பெட்டி. அதற்குச் சங்கு இல்லை, போனுக்கு மெசேஜ் வருகிறது, அதுவும் குடிசையும் பாம்புமாக. வீட்டில் படித்தவள் மருமகள் என்று அவள் நம்பரைக் கொடுத்திருக்கிறோம். போன வாரம் மெசேஜ் வந்திருக்கிறது. முதல் வார்த்தையைப் பார்த்ததும் ஏதோ விளம்பரம் என்று தள்ளிவிட்டிருக்கிறாள். வழக்கம்போல நான் போய்த் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்து ஓடோடிப் பலகையை இறக்கினேன். அதற்குள் ஓர ஓரமாகக் கொஞ்சம் கருகிவிட்டது.

"இதையுமா எழுதணும் மாமா?" என்கிறாள்.

"எழுதும்மா. ஒன்னைச் சொல்லல. அவரு சொன்னது சரியாப் போச்சுன்னு சொல்றேன்."

ஆமாம் பாய். படித்தவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் சொன்னது சரி. அதனால்தான் எனக்கு ஆத்திரம் அடங்க மாட்டேன் என்கிறது. பொய் சொல்லி மறுத்திருந்தால் உங்களை மனத்துக்குள் ஏசிவிட்டு மறந்திருப்பேன். ஒரு உண்மையைச் சொல்லி என் வாயை அடைத்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

மருமகள் கற்றுத்தருகிறேன் என்று சிலேட்டோடு உட்கார்ந்தாள். அவள் சத்தத்தைச் சொல்கிறாள். என் கண்ணுக்குக் குடிசைதான் தெரிகிறது. கடைத்தெருவில் நடந்தால் போர்டுக்குப் போர்டு அரிவாளும் லாடமும் தொங்குகின்றன, ஒவ்வொன்றுக்கும் பின்னால் உங்கள் "அடுத்து" கேட்கிறது. சிலேட்டை எடுத்துவைக்கச் சொல்லிவிட்டேன்.

இன்று காலை பெட்டியைத் துண்டில் கட்டிக்கொண்டு, உங்களை அடக்கம் செய்த மையவாடிக்கு வந்தேன். உங்கள் மகன் வந்து தலைமாட்டில் நட்டுவிட்டுப் போன மீசான் கல்லில் எழுத்து வெட்டியிருக்கிறது, உங்கள் பெயராக இருக்கும். தமிழிலும் இல்லை, அரபியிலும் இல்லை, நம் திரையில் வந்த அதே எழுத்து. காவல்காரர், "படிச்சுச் சொல்லவா பெரியவரே?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

கல்லின் முன்னால் குந்தி உட்கார்ந்து, முதல் வரியில் தொடங்கி, நீங்கள் கேட்கிற வேகத்திலேயே ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒவ்வொன்றுக்குப் பிறகும் கொஞ்சம் நிறுத்தினேன். கடைசி எழுத்து வரை சொல்லி முடித்தேன்.

பார்த்ததை மட்டும்தான் சொன்னேன், பாய். படிக்கவில்லை.