பெட்டியின் முகத்தில் உங்கள் கம்பளி

அத்தை,

இன்று காலையில் இருந்தே சாரல். நாளைக்குப் பள்ளியில் அறிவியல் கண்காட்சி என்பதால் நம் ஸ்பீக்கர் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முன்பலகையில் ஒட்டிய கம்பளிக்கு அருகில் குனிந்ததும் ஏலக்காய் வாசம்! நீங்கள் எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. ஈரக்காற்று பட்டால் வாசம் இன்னும் எழுந்து வருகிறது. இதை உங்களிடம்தானே முதலில் சொல்ல வேண்டும்?

திருப்பூரில் வேலை பார்க்கும் அத்தான் உங்களுக்குப் போனில் குரலைப் பதிந்து அனுப்புவார். உங்களுக்குச் சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது. நான்தான் ஒவ்வொன்றையும் காதருகே திருப்பிச் சொல்வேன். ஒருநாள் ஏலத்தோட்டத்து வேலை முடிந்து ஜீப்பிலிருந்து இறங்கியதும் சொன்னீர்கள்: “எம் மகன் பேசுறத எத்தன நாளைக்குத்தா உன் வாயால கேக்குறது? அவன் வாயால கேக்கணும்.”

அதற்காகத்தான் இந்தப் பெட்டி. பழைய ஜீப்பில் கழற்றிய ஸ்பீக்கர் ஒன்று, உயர்ந்த சுருதி ஒலிகளுக்கு ஒரு சின்ன ட்வீட்டர், மிச்சப்பட்ட பிளைவுட். சத்தம் வந்தது, ஆனால் சொற்கள் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு வந்தன. நம் போடி ஊரில்தான் இலவம்பஞ்சுக்குப் பஞ்சமே இல்லையே! மெத்தைக் கடையில் வாங்கிவந்து பெட்டிக்குள் திணித்தேன். “என்னத்தா, தலகாணிக்கு வயர் குடுக்குற?” என்று சிரித்தீர்கள். உள்ளே இருந்த உறுமல் அடங்கியது. சொல் மட்டும் தெளியவில்லை.

விடை நூலகப் புத்தகத்தில் இருந்தது. கோளாறு பெட்டிக்கு உள்ளே இல்லை, முகத்தில்! ட்வீட்டரில் கிளம்பும் ஒலி முன்பலகை மேல் பரவி விளிம்புக்குப் போகிறது. அங்கே வளைந்து, விளிம்பிலிருந்தே இன்னொரு முறை புறப்படுகிறது. நேராக வந்த ஒலியோடு சற்றே பிந்தி வந்து கலந்து அதைக் கலங்கடிக்கிறது. ட்வீட்டரைச் சுற்றித் தடித்த கம்பளியை ஒட்டினால், விளிம்புக்குப் போகும் வழியிலேயே ஒலி பெருமளவு உறிஞ்சப்பட்டுவிடும்.

வாசித்ததும் வீட்டுக்கு ஓடிவந்தேன். ஆனால் வீட்டில் இருந்த ஒரே தடித்த கம்பளி, மலைக்குளிருக்கு நீங்கள் போர்த்திப் போவது. கேட்கத் தயங்கி நின்றேன். விஷயத்தைக் கறந்துவிட்டு நீங்களே கத்தரிக்கோலை நீட்டினீர்கள். “ஓரத்துல வெட்டு. நடுவுல கை வச்சே, குளிருக்கு உன்னயத்தான் போத்திக்கிருவேன்.”

ஒட்டி முடித்ததும் அத்தான் அன்று அனுப்பியதைப் போட்டேன். நான் முன்பே உங்களுக்குச் சொல்லியிருந்த அதே சேதிதான்: சாப்பிட்டாச்சு, நல்லா இருக்கேன், அடுத்த மாதம் வர்றேன். நீங்கள் பெட்டிக்கு நேராக உட்கார்ந்து கேட்டீர்கள். உங்கள் உதடுகள் அவர் சொற்களோடு சேர்ந்து அசைந்தன. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. நீங்களோ முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பினீர்கள்.

“இவனுக்குச் சளி புடிச்சிருக்கு. நீ அதச் சொல்லவே இல்லையே.”

ஒரு சொல் விடாமல் சொல்லியிருந்தேன், அத்தை. சளி சொல்லில் இல்லை, குரலில் இருந்தது!

கண்காட்சியில் கேட்பவர்களுக்கு விளிம்பையும் கம்பளியையும் படம் போட்டு விளக்கிவிடுவேன். இன்னொன்றைப் படத்தில் போட முடியாது. இன்று சாயங்காலம் பெட்டியைச் சோதிக்க அத்தான் எனக்கு அனுப்பிய புதுச் சேதியைப் போட்டேன். நல்லா இருக்கேன் என்றுதான் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி கேட்டேன். பிறகு போனை எடுத்தேன்.

“அத்தான், தொண்ட கட்டியிருக்கே, கசாயம் குடிச்சீகளா?”

அத்தான் மெதுவாகச் சொன்னார்: “அம்மா மாதிரியே கேக்குற.”