ஆளுயர வேலி

12.3.1994

அன்புள்ள அக்காவுக்கு,

கண்ணாடிக் கடையில் வேலை நிலைத்துவிட்டது. லென்ஸ் தேய்க்கும் மேசை பின்னறையில் என்பதால் தெருவுக்கு முகம் காட்ட வேண்டியதில்லை. வீடுதான் பயமுறுத்துகிறது. ஜன்னலுக்கும் தெருவுக்கும் நடுவே எட்டடி மண், அவ்வளவே. வெளியே செருப்புச் சத்தம் நின்றால் என் மூச்சும் நிற்கிறது.

நேற்று பதினெட்டுச் செடி வாங்கி வரிசையாக நட்டேன். பச்சை இலை, ஓரத்தில் மஞ்சள். "வருஷம் பூரா இலை உதிராதும்மா. ஆளுயரம் வர மூணு வருஷம் ஆகும்" என்றார் நாற்றுப் பண்ணைக்காரர். நுனியைக் கிள்ளிக்கொண்டே இருந்தால்தான் அடியில் அடர்த்தியாகுமாம். முழங்காலுக்குக்கூட வராத செடியைக் கிள்ள மனசு வருமா, சொல்!

படித்ததும் கிழித்துவிடு.

உன் சின்னவள்


2.4.1994

சின்னவளே,

கை எலும்பு கூடிவிட்டதா? அதை எழுதாமல் செடியைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிறாய்!

உன் வீட்டுக்காரர் வந்தார். பாதியாக இளைத்துவிட்டார். "உயிரோட இருக்காளான்னு மட்டும் சொல்லுங்கக்கா" என்று அழுதார். நான் வாய் திறக்கவில்லை. அத்தான்தான் அவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்.

அக்கா


20.1.1997

அன்புள்ள அக்காவுக்கு,

வேலி என் தலையைத் தாண்டிவிட்டது! நடுவில் சில கிளைகள் மஞ்சளே இல்லாமல் முழுப் பச்சையாகக் கிளம்புகின்றன. அவற்றுக்குத்தான் வேகம் அதிகம். விட்டால் செடியையே விழுங்கிவிடுமாம். பார்த்ததும் அடியோடு வெட்டுகிறேன்.

முந்தாநாள் வாசலில் உட்கார்ந்து டீ குடித்தேன், மூன்று வருஷத்தில் முதல் தடவை. தபால்காரர் சிரித்துக்கொண்டே, "இந்த ஊர்லயே மஞ்சள் வேலி உங்களுதுதான். நம்பரே பாக்க வேணாம்" என்றார். டீயைக் கொட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

சின்னவள்


9.2.1997

சின்னவளே,

உன் கடிதங்களைக் கிழித்துவிட்டேன்; என் வாயைக் கட்டத்தான் தெரியவில்லை. அவர் மறுபடி வந்தார். குடியை விட்டுவிட்டாராம். பாவமாக இருந்தது. ஊர்ப் பேரை மட்டும்தான் சொன்னேன். தெருவைச் சொல்லவில்லை, சத்தியமாக. ஆளுயரத்துக்கு மஞ்சள் வேலி வளர்த்திருக்கிறாள் என்று பெருமையில் உளறிவிட்டேன். ஜாக்கிரதையாக இரு. உடனே பதில் போடு.

அக்கா


16.2.1997

அக்கா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அவன் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டான்.

வேலை முடிந்து வந்து கேட்டைத் திறந்தேன். வேலிக்கு உள்பக்கம் குந்தியிருந்தான். தெருவில் போன ஒருவர் கண்ணிலும் பட்டிருக்க மாட்டான். "நல்லா வளத்திருக்கே" என்று சொல்லி, அன்று ஒடித்த அதே கையைப் பிடித்து முறுக்கினான். வாடை அடித்தது, குடியை விடவில்லை. கத்தினேன். எதிர்வீட்டுத் தையல்காரம்மா கத்திரிக்கோலோடு ஓடிவந்தார். பின்சுவர் ஏறிக் குதித்து ஓடிவிட்டான். "சத்தம் கேட்டுச்சும்மா. எந்த வீடுன்னே தெரியல, இந்தச் செடி மறைக்குது" என்று அந்த அம்மா அழுதுவிட்டார்.

போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவனை இன்னும் பிடிக்கவில்லை.

மறுநாள் காலையில் ரம்பம் இரவல் வாங்கிப் பதினெட்டையும் கணுக்கால் உயரத்துக்கு அறுத்துப் போட்டேன். இடது கையால் அறுத்ததில் மத்தியானம் ஆகிவிட்டது. இப்போது தையல் மிஷினில் உட்கார்ந்தபடியே அந்த அம்மாவுக்கு என் வாசல் தெரியும். மணிக்கொரு தரம் கையை ஆட்டுகிறார். நானும் ஆட்டுகிறேன்.

உன்மேல் கோபமில்லை அக்கா. உன் இரக்கத்தை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. இனி எழுதாதே, வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்பத் தபால்காரரிடம் சொல்லியிருக்கிறேன். அத்தானுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம்.

சின்னவள்